மறுமணத்துக்குப் பிறகு வரும் முதல் தீபாவளி: இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் மனசு நிறைஞ்சு இருக்க என்ன செய்யலாம்?

சிப்புட்_தம்பி:

வணக்கம். அக்கா சார்பில் கேட்கிறேன். ஊர் மலேசியாவில் சுங்கை சிப்புட். அக்காவுக்கு மறுமணம் ஆகி ஏழு மாதம், பதிவும் முறையாகச் செய்தாகிவிட்டது. அக்காவுக்கு ஏழு வயதில் ஒரு பையன், முதலாம் ஆண்டு. அவனுடைய அப்பா கிள்ளானில் இருக்கிறார், மாதத்தில் இரண்டு வார இறுதி வந்து அழைத்துப் போவார். அத்தான் மனைவியை இழந்தவர். அவருக்குப் பதிமூன்று வயதில் மகள், இந்த ஆண்டுதான் படிவம் ஒன்று (இடைநிலைப் பள்ளியின் முதல் ஆண்டு). பத்து வயதில் மகன், தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. அத்தானுக்குச் செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையில் ஷிப்ட் வேலை. தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டு வந்து இப்போது தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) மூன்று அறை வீடு. அத்தான் பிள்ளைகளின் அம்மாவைப் பெற்ற பாட்டி இரண்டு தெரு தள்ளி இருக்கிறார்.

வீட்டில் சண்டை இல்லை. ஆனால் கலகலப்பும் இல்லை. மகள் சாப்பிடுவாள், தட்டைக் கழுவி வைப்பாள், அறைக்குப் போய்விடுவாள். "எனக்கு நன்றி வேண்டாம், முகம் மலர்ந்து ஒரு வார்த்தை பேசினால் போதும்" என்கிறார் அக்கா. தீபாவளி நெருங்குகிறது. அன்றைக்கு வீடு வீடாக இருக்க என்னென்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது? பொதுவான அறிவுரை வேண்டாம். எந்த நாள், யார், என்ன என்று சொன்னால் அக்காவுக்கு உதவியாக இருக்கும். பிள்ளைகள் அக்காவை எப்படிக் கூப்பிடுவது என்பதும் இன்னும் முடிவாகவில்லை.


நெய்_உருண்டை:

தம்பி, சாப்பிட்ட தட்டைக் கழுவி வெச்சிட்டுப் போற பிள்ளை உங்க அக்காவை மதிக்கிற பிள்ளை. அதை முதல்ல அக்காகிட்ட சொல்லுங்க.

கூப்பிடுற முறையைப் பிள்ளைங்க கையில விட்டுடுங்க. "அம்மான்னு கூப்பிடு"ன்னு சொந்தக்காரங்க யாரும் சொல்லக் கூடாது, அதை அத்தான்தான் எல்லார்கிட்டயும் முன்கூட்டியே சொல்லி வைக்கணும். "சின்னம்மா" நல்லாப் பொருந்தும். நம்ம பக்கம் அம்மாவோட தங்கச்சியையும் அப்படித்தான் கூப்பிடுறோம், யார் இடத்தையும் பிடுங்காத சொல் அது. "சித்தி"ன்னா நாடகத்துல பார்த்த கொடுமைக்காரி ஞாபகம் வருதுன்னு சில பிள்ளைங்க கூசும். மூத்தவள் ஒரு மாதிரியும் அவ தம்பி ஒரு மாதிரியும் கூப்பிட்டாலும் விட்டுடுங்க. ரெண்டு பேரும் ஒரே மாதிரி கூப்பிடணும்னு கட்டாயப்படுத்தினா, மூத்தவள் எந்த முறையும் வைக்காம பேச ஆரம்பிச்சிடுவா.

இனி தீபாவளிக்கு முதல் நாள் படையல். நம்ம ஊர்ல முன்னோருக்குப் படைக்காம தீபாவளி இல்லை. இந்த வருஷம் உங்க அக்கா வீட்டுக்கு அதுதான் பெரிய நாள். அது ஒழுங்கா நடந்தா மறுநாள் தானா நல்லா இருக்கும். அதை அவசரமா முடிச்சா மறுநாள் யார் சிரிச்சாலும் அந்தப் பிள்ளைக்கு உறுத்தும்.

ரெண்டு வாரம் முன்னாடி அத்தான் ரெண்டு பிள்ளைங்களையும் தனியா உட்கார வெச்சு, "அம்மாவுக்கு என்னென்ன பிடிக்கும், எழுதுங்க"ன்னு ஒரு தாளைக் கொடுக்கட்டும். அக்கா அப்போ பக்கத்துல வேணாம். அந்தத் தாள்ல நெத்திலி சம்பல்னு இருந்தா நெத்திலி சம்பல், மைலோ பொட்டலம்னு இருந்தா மைலோ பொட்டலம். எதையும் திருத்தாதீங்க. அந்தப் பட்டியல்ல அவங்க அம்மா கைப்பக்குவம்னு பேர் வாங்கின கறியைப் பாட்டி வந்து சமைக்கட்டும். அக்கா சோறு, காய்கறி, அரைக்கிறது, கழுவுறதைப் பார்த்துக்கலாம். அந்தக் கறியை அக்கா சமைச்சு அது அச்சு அசலா வந்தாலும் பிள்ளைக்கு வலிக்கும், வராட்டியும் வலிக்கும்.

படையலுக்கு வைக்கிற புதுச் சேலையை மகள் தேர்ந்தெடுக்கணும். கடைக்கு அவளை அப்பா அழைச்சிட்டுப் போகட்டும், இல்லை பாட்டி. இலை போட்டு, சோறு, கறி, பலகாரம், வெற்றிலை பாக்கு, மடிச்ச சேலை மேல ஒரு முழம் பூ. விளக்கை மகள் ஏத்தட்டும், அவ தம்பி சாம்பிராணி பிடிக்கட்டும். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கும். புதுசா வந்தவங்க "நமக்கு என்ன உரிமை"ன்னு சமையலறையிலேயே நின்னுடுவாங்க. பிள்ளைங்க கண்ணுக்கு அது வெறுப்பு மாதிரி தெரியும். அக்கா தன் மகனைக் கையில பிடிச்சுக்கிட்டு ரெண்டாவது வரிசையில நிக்கணும், கடைசியா ரெண்டு பேரும் பூப் போட்டுக் கும்பிடணும். சின்னவன் "இவங்க யாரு?"ன்னு சத்தமா கேட்பான், ஏழு வயசு. பதிலைத் தயாரா வெச்சுக்குங்க: "அக்காவுக்கும் அண்ணனுக்கும் அம்மா. நம்ம வீட்டு முன்னோர். இனி வருஷா வருஷம் நாமளும் கும்பிடுவோம்."

படைச்ச சேலை பாட்டிக்குப் போகட்டும், இல்லாட்டி மகளோட அலமாரிக்கு. மகளே எடுத்துக் கொடுத்தா மட்டும் அக்கா வாங்கிக்கலாம். கூடத்துல மாட்டியிருக்கிற அவங்க அம்மா படத்தை எக்காரணத்துக்கும் இடம் மாத்தாதீங்க. பெயின்ட் அடிக்கக் கழட்டினா அன்னைக்கே திரும்ப மாட்டணும்.

காலையில எண்ணெய் வைக்கிறது: பதிமூணு வயசுப் பெண் தலையைத் தொட எல்லாரையும் விடமாட்டா. பாட்டியை விடியக்காலை அஞ்சரைக்கு வரச் சொல்லுங்க, மூணு பிள்ளைங்களுக்கும் அவங்களே எண்ணெய் வைக்கட்டும். மூணாவது பிள்ளைக்கும் வைக்கணும்னு பாட்டிகிட்ட ஒரு வாரம் முன்னாடியே தனியா கேட்டுக்குங்க, அன்னைக்குக் காலையில கேட்டா தடுமாறுவாங்க. அக்கா எண்ணெய் காய்ச்சித் தரட்டும். மூணு தலைக்கு அரைக் கப் நல்லெண்ணெய், கிள்ளின ஒரு வெற்றிலை, அஞ்சாறு மிளகு, சின்ன நெருப்பு. வெற்றிலை சடசடக்கிறது அடங்கினதும் இறக்கி, விரல் வெச்சா இளஞ்சூடா இருக்கிற வரைக்கும் ஆற விடணும். மூணு பேரையும் ஒரே பலகையில வரிசையா உட்கார வைங்க. சின்னவனை முதல்ல உட்கார வெச்சா அவன் நெளியுறதைப் பார்த்தே மத்த ரெண்டும் சிரிச்சிடும்.


பள்ளி_ஆலோசனை:

மேலே சொன்ன படையல் ஏற்பாடு மிகச் சரி. நான் மகிழ்ச்சி, நன்றி என்ற இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

காலத்தைப் பற்றி அக்காவுக்குத் தெளிவு வேண்டும். மறுமணக் குடும்பங்களை நீண்ட காலம் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் பேட்ரிசியா பேப்பர்நவ், வேகமாக இணையும் குடும்பத்துக்கே ஏறக்குறைய 4 ஆண்டு, பல குடும்பங்களுக்கு 7 ஆண்டு வரை ஆகும் என்கிறார். ஏழாவது மாதத்தில் பேச்சு குறைவாக இருப்பது தோல்வி அல்ல. அதிலும் அந்தப் பெண் ஆறு ஆண்டு படித்த தமிழ்ப்பள்ளியை விட்டு, மலாய் வழியில் நடக்கும் இடைநிலைப் பள்ளிக்கு இந்த ஆண்டுதான் போயிருக்கிறாள். புது மொழிச் சூழல், புதுத் தோழிகள், புது வீடு, புதுச் சின்னம்மா. பெரியவர்களுக்கே தாங்காத சுமை.

"நன்றி" என்ற சொல்லைப் பிள்ளைகளிடம் எதிர்பார்க்க வேண்டாம். நம் வீடுகளில் அந்தச் சொல் மேடைக்கும் அழைப்பிதழுக்கும் உரியது. வீட்டுக்குள் யாராவது நன்றி சொன்னால் அந்நியமாகப் படும். வீட்டில் நன்றியைச் சொல்லும் முறை வேறு: ஒருவர் செய்ததைக் கண்டுகொண்டதாகச் சொல்வது. "மழைக்கு முன்னாடியே துணியை எடுத்துட்டே, தம்பியோட பள்ளிச் சட்டை நனையாம தப்பிச்சது." என்ன செய்தாள், அதனால் யாருக்கு என்ன பயன், அவ்வளவுதான். அன்றைக்கே சொல்ல வேண்டும், ஒரு முறை போதும். பிறகு பேச்சை மாற்றிவிட வேண்டும். "இப்படியே எப்பவும் இருக்கணும், சரியா?" என்று வால் ஒட்டினால் பாராட்டு பாடமாகிவிடும், அடுத்த முறை துணி நனையும். இதை முதலில் தொடங்க வேண்டியவர்கள் பெரியவர்கள். குறிப்பாக அத்தான், பிள்ளைகள் காதுபட அக்காவிடம் சொல்ல வேண்டும்: "இஸ்திரி போட்டு வெச்சிருந்தே, காலையில பத்து நிமிஷம் மிச்சமாச்சு." அந்த வீட்டுக்கு இதுதான் புது மொழி, அதைக் கேட்டுத்தான் பிள்ளைகள் பழகுவார்கள்.

"உங்களுக்காக எவ்வளவு செய்யுறேன்" என்பது வாயில் வரவே கூடாது. அதைக் கேட்கும் பிள்ளை தன்னைக் கடனாளியாக உணரும். கடனாளி மலர்ந்த முகத்தோடு பேசமாட்டான்.

நன்றிக் குறிப்பேடு எழுத வைப்பதைச் சிலர் சொல்வார்கள். அமெரிக்காவில் ஜெஃப்ரி ஃப்ரோவும் அவருடன் இருந்தவர்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ இந்த வயதுள்ள 221 மாணவர்களில் ஒரு பிரிவினர் இரண்டு வாரம் தினமும் ஐந்து நன்றிகள் வரை எழுதினார்கள். தொந்தரவுகளைப் பட்டியலிட்ட பிரிவைவிட அவர்கள் மனநிலை நன்றாக இருந்தது. முறை நல்லதுதான். ஆனால் தாயை இழந்த பிள்ளையிடம் நோட்டைக் கொடுத்து "எழுது" என்றால், அழாதே என்று சொல்வதாகவே அவள் எடுத்துக்கொள்வாள். அதற்குப் பதில் வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பிறகு, சுண்டலோ வாழைப்பழமோ கையில் இருக்கும்போது, "இந்த வாரம் யார் உனக்கு என்ன செஞ்சாங்க?" என்ற ஒரே கேள்வி. வீட்டில் உள்ளவர்தான் என்றில்லை, பள்ளித் தோழி, பஸ் அண்ணன், பாட்டி யாராக இருந்தாலும் சரி. அப்பாவும் சின்னம்மாவும் முதலில் சொல்ல வேண்டும். "ஒண்ணுமில்லை" என்பதும் பதில்தான், அதற்கு மேல் கேட்கக் கூடாது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள். மகள் பல வாரம் "ஒண்ணுமில்லை" என்றே சொல்வாள். சொல்லட்டும், அங்கே வந்து உட்காருகிறாளே.

மகிழ்ச்சிக்காக ஐந்து பேரையும் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே இருப்பதுதான் நான் பள்ளியில் மிகுதியாகக் காணும் பிழை. முதல் ஆண்டில் இருவர் இருவராகப் பிரித்து நேரம் கொடுங்கள். அத்தான் தன் இரண்டு பிள்ளைகளோடு வாரம் ஒரு மணி நேரம் தனியாக, பசார் மாலாம் (இரவுச் சந்தை) போதும். அப்பாவைப் பறிகொடுத்துவிட்டோம் என்ற பயம் அப்போதுதான் குறையும். அக்கா தன் மகனோடு தனியாக. அக்காவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டாம். டியூஷனுக்குக் காரில் போகும் இருபது நிமிடம் நல்ல நேரம்: இருவர் கண்ணும் சாலையில், வானொலியைச் சின்னதாக வைத்துவிட்டுப் பேசாமலே போனாலும் சரி. ஐந்து பேர் பயணம் மாதம் ஒன்று, அரை நாளுக்குள். ஈப்போ கல்லுமலைக் கோயில் உங்களுக்கு அரை மணி நேரத் தொலைவுதானே.

கண்டிப்பை இப்போதைக்குப் பெற்றவர் கையில் வையுங்கள். கைப்பேசி எத்தனை மணி வரை, வீட்டுப்பாடம், வீடு திரும்பும் நேரம், இந்த மூன்றையும் அத்தான் வாயால் சொல்லி, எழுதி, குளிர்ப்பெட்டியில் ஒட்டட்டும். அவர் வேலையில் இருக்கும்போது அக்கா, "ஒன்பதரை ஆச்சு, அப்பா எழுதின நேரம்" என்று நினைவூட்டினால் போதும். தண்டனை அக்கா கொடுக்கக் கூடாது.


காகிதம்_முக்கியம்:

பாசம் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். தாள் விஷயத்தில் குறை இருந்தால் அந்தப் பாசம் பின்னால் சண்டையாகும். தீபாவளிக்குப் பிறகு ஒரு நாள் விடுப்பில் முடித்துவிடலாம்.

முஸ்லிம் அல்லாதவர் முன்பு உயில் எழுதியிருந்தால், 1959 உயில் சட்டப்படி மறுமணத்தோடு அது செல்லாமல் போய்விடும். புதிதாக எழுத வேண்டும். இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் உடனிருந்து கையெழுத்திட வேண்டும். சொத்து பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாக இருக்கக் கூடாது. உயில் இல்லையென்றால் 1958 பகிர்வுச் சட்டம். அதில் மனைவிக்கும் பெற்ற பிள்ளைக்கும் முறைப்படி தத்தெடுத்த பிள்ளைக்கும் பங்கு உண்டு, மாற்றான் பிள்ளைக்கு (துணைவரின் முந்தைய மணத்துப் பிள்ளைக்கு) இல்லை. வருமான வரிக் கணக்கில் மட்டும் மாற்றான் பிள்ளையையும் பிள்ளையாகக் காட்டிக் கழிவு கேட்கலாம், 18 வயதுக்குள் இருந்தால் ஆளுக்கு 2,000 வெள்ளி (ரிங்கிட்). ஒரு சட்டத்தில் பிள்ளை, இன்னொன்றில் இல்லை. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கின் நியமனதாரரை உடனே பாருங்கள். அத்தான் முதல் மனைவியின் பெயரை எழுதியிருந்தால் அந்தப் பெயரால் இப்போது பயனில்லை. மூன்று பிள்ளைகள், மனைவி என்று விழுக்காடு பிரித்துப் புதிதாக எழுதலாம், மாற்றான் பிள்ளையின் பெயரையும் சேர்க்கலாம். தாத்தா பாட்டி காலத்து கூட்டுறவுச் சங்கப் பங்கு வீட்டில் இருந்தால் அதிலும் யார் பெயர் என்று பாருங்கள். தோட்டத்துக் குடும்பங்களில் அதை மறந்துவிடுகிறார்கள்.

திருமணம் செய்ததாலேயே அக்கா அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிட மாட்டார், அத்தானும் அக்கா மகனுக்கு ஆகமாட்டார். மருத்துவமனையில் சிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்து கேட்டால் பெற்றவரைத் தேடுவார்கள். ஆகவே ஒரு கோப்பில் மூன்று பிறப்புப் பத்திரம், இருவர் அடையாள அட்டை, திருமணப் பதிவு ஆகியவற்றின் நகல், ஒவ்வாமை விவரம், அத்தானின் ஆலைத் தொலைபேசி எண். பள்ளியில் அவசரத் தொடர்பு இடத்தில் அக்காவின் பெயரையும் சேருங்கள். அக்கா மகன் பன்னிரண்டு வயதில் மைகாட் (அடையாள அட்டை) எடுக்கப் போகும்போது பெற்ற தாய் உடன் போகட்டும்.


சிப்புட்_தம்பி:

அக்காவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். தட்டு பற்றிச் சொன்னதைக் கேட்டு அழுதுவிட்டார். இரண்டு சந்தேகம். ஒன்று, பாட்டி தன் பேரப்பிள்ளைகளுக்கு 50 வெள்ளி அங்பாவ் (பண்டிகைப் பண உறை) வைப்பார், அக்கா மகனுக்கு 5 வெள்ளி வைக்கலாம், அல்லது மறந்துவிடலாம். இரண்டு, அத்தானுக்கு அந்த வாரம் ஓவர்டைம் வரும் என்கிறார். படையலன்று இருப்பாரா என்பதே தெரியவில்லை. கிள்ளான் அப்பாவும் தீபாவளிக்குப் பையனைக் கேட்கிறார்.


ஆலை_ஷிப்ட்:

தம்பி, ரெண்டாவதுக்கு நான் பதில் சொல்றேன். தீபாவளி வர்ற மாசங்கள்லதான் செம்பனைக் குலை அதிகமா வரும். வெட்டின பழத்தை ஒரு நாளுக்குள்ள ஆவியில வேக வைக்கலைன்னா எண்ணெய்ல அமிலம் ஏறி தரம் கெட்டுடும், அதனால ஆலை நிக்காது. எல்லாரும் தீபாவளி அன்னைக்குத்தான் லீவு கேட்பாங்க. அத்தான் முதல் நாளுக்கும் சேர்த்து இப்பவே எழுதிக் கொடுக்கட்டும். ஒரு நாள்தான் கிடைக்கும்னா முதல் நாளை எடுக்கச் சொல்லுங்க, தீபாவளி காலை ஷிப்ட் போய்ட்டு ரெண்டு மணிக்கு வந்தாலும் விருந்துக்கு ஆகும். அப்பா இல்லாம அம்மாவுக்குப் படைக்கிறது அந்த ரெண்டு பிள்ளைக்கும் தாங்காது. முடியவே முடியலைன்னா, நேரத்தை மாத்துங்க, ஆளை மாத்தாதீங்க. ஷிப்ட் முடிஞ்சு ராத்திரி எட்டு மணி ஆனாலும் அவர் வந்தப்புறம் இலை போடுங்க. பிள்ளைங்களுக்கு நாலு மணிக்கே கொஞ்சம் பலகாரம் கொடுத்துடுங்க.

கிள்ளான் விஷயம்: முதல் நாளும் தீபாவளி காலையும் இங்கே, மறுநாள் அங்கே, அடுத்த வருஷம் மாத்தி. இதை அக்காவும் அவரும் வாட்ஸ்அப்புல எழுத்துல முடிவு பண்ணிக்கட்டும், பையன் வாயால தூது விட வேணாம். பையன் பையில ஒரு டப்பா முறுக்கு கொடுத்து அனுப்புங்க. அப்பா வீட்டுக்குப் போறது தப்பில்லைன்னு அந்த டப்பாவே அவனுக்குச் சொல்லிடும்.


நெய்_உருண்டை:

அங்பாவுக்கு: பாட்டி கொடுக்கிறதை யாரும் சரிபண்ணப் போகாதீங்க. மகளை இழந்த அம்மா அவங்க. அக்காவும் அத்தானும் கொடுக்கிறது மட்டும் மூணு பேருக்கும் ஒரே தொகை, ஒரே நிற உறை, உள்ளே புது நோட்டு. எந்த உறையையும் கூடத்துல பிரிக்கக் கூடாதுன்னு வீட்டு வழக்கமா வெச்சுக்குங்க. பாட்டி மறந்துட்டா அக்கா தன் காசைப் போட்டு "பாட்டி கொடுத்தாங்க"ன்னு பொய் சொல்ல வேணாம், ஒரு நாள் வெளிய வரும். பையனை பாட்டி கால்ல விழுந்து கும்பிடச் சொல்லுங்க, அது போதும். எண்ணெய் வெச்ச கை அவனை வெறுங்கையா அனுப்பாது.

முறுக்கு பேச்சு வந்ததால சொல்றேன். அதை முந்தின சனிக்கிழமை சாயங்காலம் மூணு பிள்ளைங்களோட சேர்ந்து செய்யுங்க. பச்சரிசி மாவு ஒரு கிலோ, வறுத்து அரைச்சுச் சலிச்ச உளுந்து மாவு கால் கிலோ, வெண்ணெய் 100 கிராம், ஓமம் ரெண்டு தேக்கரண்டி, எள், உப்பு, பிசைய இளஞ்சூடான தேங்காய்ப் பால். மகள் பிசையட்டும், பத்து வயசுக்காரன் அச்சு பிழியட்டும், சின்னவன் ஓமம் தூவி, பிழிய காகிதம் வெட்டி வைக்கட்டும், அக்கா அடுப்புல. எல்லார் கையும் வேலையில இருக்கும், யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. முறுக்கு பிழியும்போது அறுந்தா மாவு காய்ஞ்சிருக்கு, ரெண்டு கரண்டி பால் விடணும். எண்ணெய்ல கரைஞ்சு உதிர்ந்தா வெண்ணெய் கூடிடுச்சு, ஒரு கை அரிசி மாவு சேர்க்கணும். இதை அக்கா சொல்ல வேணாம். மாவு யார் கையில இருக்கோ அவகிட்ட, "அறுந்துபோகுது, என்ன பண்ணலாம்?"னு கேட்கட்டும்.